உடைந்த கோப்புகளிலிருந்து தமிழை மட்டும் பிரித்தெடுத்தது

தெரிந்தவர் ஒருவர் தன் பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். சேமித்து முடிப்பதற்குள் யாரோ அதைப் பிடுங்கியிருக்கிறார்கள். அதன் பிறகு எதுவும் ஒழுங்காகத் திறக்கவில்லை. உள்ளே ஐந்து கோப்புகள். அச்சுக்குப் போக வேண்டிய கட்டுரைத் தொகுப்பு ஒரு டாக்எக்ஸ் (வேர்டின் இன்றைய கோப்பு வகை), அதற்கான முன்னுரை இன்னொரு டாக்எக்ஸ், பழைய கட்டுரைகள் இரண்டு டாக் (வேர்டின் பழைய கோப்பு வகை), குறிப்புகள் ஒரு சாதாரண டெக்ஸ்ட். “தம்பி, பார்க்க அழகாக வர வேண்டாம். எழுத்து வந்தால் போதும்” என்றார்.

அப்படிச் சொன்னதே பெரிய உதவி. கோப்பை ரிப்பேர் செய்து மறுபடி வேர்டில் திறக்க வைப்பது ஒரு வேலை, உள்ளே இருக்கும் எழுத்தை வெளியே எடுப்பது வேறு வேலை. முதலாவதற்குக் கோப்பின் எல்லாப் பகுதிகளும் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். இரண்டாவதற்கு எழுத்து இருக்கும் இடம் தெரிந்தால் போதும். நிறையப் பேர் முதலாவதில் தோற்றுவிட்டு, எழுத்தே போய்விட்டது என்று கைகழுவிவிடுகிறார்கள்.

முதலில் டிரைவ் முழுவதையும் பைட் பைட்டாக ஓர் இமேஜ் கோப்பாக நகலெடுத்துக்கொண்டு டிரைவை எடுத்து வைத்துவிட்டேன். இனி எது செய்தாலும் அந்த நகலின் மேல்தான். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அழிக்கப்பட்ட பழைய பதிப்புகள் டிரைவின் காலி இடத்தில் அப்படியே கிடக்கும். ‘ரிப்பேர்’ பொத்தானை அழுத்தி அதே டிரைவில் சேமித்தால், புதிய கோப்பு போய் உட்காருவது அந்தக் காலி இடத்தில்தான்.

வேர்டில் ‘திறந்து சரிசெய்’ என்ற வசதி இருக்கிறது. நகலில் அதையும் பார்த்தேன், கைவிரித்துவிட்டது. ‘எந்தக் கோப்பிலிருந்தும் எழுத்தை மீட்டெடு’ என்று இன்னொன்று உண்டு. பழைய டாக் கோப்புகளுக்கு அது சில சமயம் உதவும். டாக்எக்ஸ் கோப்பில் எனக்கு அது உருப்படியாக எதையும் தந்ததில்லை.

சரி, கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்ப்பதுதான் வழி.

முன்னுரை

முன்னுரைக் கோப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. அளவு சரியாகக் காட்டுகிறது, ஆனால் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை எல்லாமே பூஜ்யம். கோப்பின் பெயரும் நீளமும் டிரைவின் பட்டியலில் பதிவாகி, உள்ளடக்கம் எழுதப்படுவதற்குள் இணைப்பு அறுந்தால் இப்படி ஆகும். இதைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் எந்த மென்பொருளுக்கும் பணம் கட்டாதீர்கள். அந்தக் கோப்பில் மீட்க எதுவுமே இல்லை. இருந்தால் டிரைவின் வேறு மூலையில்தான் இருக்க வேண்டும். அதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தேன்.

கட்டுரைத் தொகுப்பு

வேர்ட் 2007-இலிருந்து வரும் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. முதல் நான்கு பைட்டுகள் தசம எண்ணில் 80, 75, 3, 4 என்று இருக்கும். முதல் இரண்டும் பி, கே என்ற ஆங்கில எழுத்துகள். 1989-இல் ஜிப் வடிவத்தைக் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. உள்ளே பல சிறு கோப்புகள் தனித்தனியே சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அடிக்குறிப்பு போன்றவை நீங்கலாக, எழுத்து முழுவதும் ‘வேர்ட்’ என்ற உட்கோப்புறையில் இருக்கும் ‘டாக்குமென்ட் டாட் எக்ஸ்எம்எல்’-இல் இருக்கிறது. மற்றதெல்லாம் எழுத்துரு, பாணி, படம், இத்தியாதி.

ஜிப்பில் உள்ள வேடிக்கை, அதன் பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. எந்த உட்கோப்பு எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் கோப்பின் வாலில் உட்கார்ந்திருக்கும். அதற்கும் பின்னால், 80, 75, 5, 6 என்று தொடங்கும் குறைந்தது 22 பைட் நீளமுள்ள முடிவுக் குறிப்பு வரும். திறக்கும் மென்பொருள் முதலில் தேடுவது அதைத்தான். இந்தக் கோப்பில் வால் அறுந்துபோயிருந்தது. அதனால்தான் வேர்ட் மொத்தமாகவே மறுத்துவிட்டது.

ஆனால் ஒவ்வோர் உட்கோப்பின் தலையிலும் தனியாக ஒரு சிறு குறிப்பு உண்டு. அதுவும் 80, 75, 3, 4 என்றுதான் தொடங்கும். முப்பது பைட் நிலையான தகவல், அதை அடுத்து உட்கோப்பின் பெயர், சில சமயம் கொஞ்சம் உபரித் தகவல், அப்புறம் சுருக்கப்பட்ட தரவு. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 26-ஆம் பைட்டில் பெயரின் நீளமும் 28-ஆம் பைட்டில் உபரியின் நீளமும் இருக்கும். இரண்டையும் முப்பதோடு கூட்டினால் தரவு தொடங்கும் இடம் கிடைத்துவிடும். பெயர் மட்டும் சுருக்கப்படாமல் வெட்டவெளியாகத் தெரியும் என்பதால் எடிட்டரிலேயே தேடிவிடலாம். வேர்ட் எழுதும் கோப்புகளில் டாக்குமென்ட் பொதுவாக மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்துவிடும். வால் அறுந்தாலும் எழுத்து பிழைப்பது இதனால்தான்.

வால் மட்டும் போயிருந்தால் ‘ஜிப்’ கட்டளையில் எஃப் எழுத்தை இரண்டு முறை கொடுத்தால் கதை முடிந்தது. தலைகளை எல்லாம் தேடிப் பிடித்துப் பட்டியலை அதுவே திரும்பக் கட்டிக்கொள்ளும். இங்கே அது போதவில்லை. டாக்குமென்டின் தரவுக்கு நடுவில் 4,096 பைட் நீளத்துக்கு வெறும் பூஜ்யம். சுருக்கிய தரவு எப்போதும் ஒழுங்கற்ற எண்களாகத்தான் தெரியும். அதற்குள் இவ்வளவு நீளமாகப் பூஜ்யம் வந்தால் அது சேதம்தான், சந்தேகமே வேண்டாம். விரிக்கும் கருவிகளில் பல, பிழை வந்ததும் அதுவரை விரித்ததையும் சேர்த்துத் தூக்கிப்போட்டுவிடும். அதனால் பைத்தான் நிரல்மொழியில் சொந்தமாக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். இசட்லிப் நூலகத்தின் விரிப்பானை மைனஸ் 15 என்ற அளவோடு அழைத்தால் தலைப்பு எதிர்பார்க்காமல் வெறும் தரவை விரிக்கும். அதற்கு ஒவ்வொரு பைட்டாக ஊட்டி, வெளிவருவதை உடனுக்குடன் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அந்தப் பூஜ்ய ஓட்டை தொடங்கும் இடம் வரை வந்ததெல்லாம் லாபம். தொகுப்பின் முன்பாதி இப்படியே வந்துவிட்டது.

பின்பாதிதான் சுவாரஸ்யம். ஓட்டைக்கு அப்பால் நல்ல தரவு இருக்கிறது, ஆனால் அதை நடுவிலிருந்து படிக்க முடியாது. இந்தச் சுருக்குமுறை தரவைத் தொகுதி தொகுதியாக எழுதுகிறது, ஒவ்வொரு தொகுதிக்கும் தனிக் குறியீட்டு அட்டவணை உண்டு. ஆகவே அடுத்த தொகுதியின் தொடக்கத்தைக் கண்டுபிடித்தால் அங்கிருந்து படிக்கலாம். சிக்கல் என்னவென்றால், தொகுதி பைட் எல்லையில்தான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, எந்த பிட்டிலும் தொடங்கலாம். எனவே ஓட்டைக்குப் பின்னால் உள்ள தரவை ஒவ்வொரு பிட்டாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் விரித்துப் பார்க்கச் சொன்னேன். பைத்தானில் மொத்தத் தரவையும் ஒரு மாபெரும் எண்ணாக மாற்றி வலப்பக்கம் தள்ளினால் நகர்த்தல் முடிந்தது. தவறான தொடக்கங்களில் பெரும்பாலானவை அட்டவணை பொருந்தாமல் உடனே விழுந்துவிடும். தப்பிப் பிழைப்பவற்றில், ஒழுங்கான யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) எழுத்தாக நீண்டு ஓடுவதுதான் உண்மையான தொடக்கம்.

இன்னொரு தடையும் இருந்தது. இந்த முறை, முன்பு வந்த ஒரு துண்டு மறுபடி வந்தால் அதை எழுதாமல், ‘இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை பைட்டை எடுத்துக்கொள்’ என்று மட்டும் குறித்து வைக்கும். அதிகபட்சம் 32,768 பைட் பின்னால் பார்க்கும். ஓட்டைக்குப் பிறகு தொடங்கினால் அந்தப் பின்னால் எதுவும் இல்லையே. விரிப்பானுக்கு முன்கூட்டியே ஓர் அகராதி கொடுக்கும் வசதி இருக்கிறது. அதில் 32,768 அடிக்கோடுகளைக் கொடுத்துவிட்டேன். காணாமல் போன இடத்தைச் சுட்டும் குறிப்பெல்லாம் அடிக்கோடாக வெளிவரும், மற்றவை எழுத்தாக வரும்.

தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் வலி. இந்தச் சுருக்குமுறை திரும்ப எடுக்கும் துண்டு குறைந்தது மூன்று பைட் இருக்க வேண்டும். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறி, அதாவது ஓர் எழுத்தோ கால், கொம்பு, புள்ளி போன்ற ஓர் அடையாளமோ, சரியாக மூன்று பைட். ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தை நேராக எழுதித்தான் ஆக வேண்டும், தமிழில் ஒற்றை எழுத்தைக்கூடப் பின்னாலிருந்து எடுத்துவிட முடிகிறது. அதனால் மீட்ட பகுதியின் தொடக்கத்தில் பல்லை இழந்த சீப்பு மாதிரி அடிக்கோடுகள். கீழே போகப் போக, புதிதாக எழுதப்பட்டவை சேரச் சேர, அடிக்கோடுகள் குறைந்துகொண்டே வந்தன.

துண்டு எங்கே வேண்டுமானாலும் வெட்டப்படலாம் என்பதால் சில இடங்களில் எழுத்தின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் தெரியும். அதுவும் வீணில்லை. தமிழ்க் குறிகள் எல்லாம் 224-இல் தொடங்கும், இரண்டாவது பைட் 174 அல்லது 175. அது 174 என்றால் உயிரெழுத்து, க முதலான மெய் வரிசை, அல்லது கால், ‘ி’ ஆகிய குறிகள். 175 என்றால், எண்களையும் சில சின்னங்களையும் விட்டுவிட்டால், ‘ீ’யிலிருந்து புள்ளி வரையிலான மற்றக் குறிகள். சொல்லில் முன்பின் தெரிந்தால் இதை வைத்தே பாதி ஊகித்துவிடலாம்.

கிடைத்த எக்ஸ்எம்எல் (எழுத்தைக் கோண அடைப்புக் குறிச்சொற்களுக்குள் வைக்கும் வடிவம்) உடைந்து கிடந்ததால் அதை எக்ஸ்எம்எல் என்று மதித்துப் படிக்கவே போகவில்லை. டபிள்யூ, முக்காற்புள்ளி, டி என்ற குறிச்சொல்லுக்குள் இருப்பதை மட்டும் எடுத்து, பத்தி முடியும் குறியில் வரி மாற்றினேன். டி-க்குப் பிறகு இடைவெளி அல்லது கோண அடைப்பின் முடிவு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் அட்டவணைக்கும் டேபுக்கும் உரிய குறிச்சொற்களும் இதே எழுத்தில் தொடங்குவதால் உள்ளே நுழைந்துவிடும். எடுத்த துண்டுகளுக்கு நடுவே இடைவெளி சேர்க்கவும் கூடாது. வேர்ட் ஒரே சொல்லை நடுவில் உடைத்து இரண்டு துண்டாக வைத்திருக்கும். மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதி போட்டு எழுதியவர் என்றால், நீக்கிய வாக்கியங்களும் வேறொரு குறிச்சொல்லுக்குள் பத்திரமாக இருக்கும். இவர் போட்டிருந்தார். எவ்வளவு கோபமாக எழுதி எவ்வளவு சாந்தமாகத் திருத்தியிருக்கிறார் என்று தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

காலி இடத்தில் கிடந்தவை

ஓட்டை விழுந்த இடம், அதிலிருந்து அந்தத் தொகுதி முடியும் வரை, இது எந்த ஸ்கிரிப்டாலும் வராது. அப்போதுதான் இமேஜின் மிச்சப் பகுதிக்கு வந்தேன். வேர்ட் சேமிக்கும்போது புதிய பதிப்பைத் தற்காலிகக் கோப்பாக எழுதி, பழையதன் பெயரை மாற்றி, பிறகு அதை அழிக்கும். அழித்தது என்றால் பட்டியலிலிருந்து பெயர் போனது என்றுதான் அர்த்தம்.

இங்கே பலர் தமிழ்ச் சொல் ஒன்றைக் கொடுத்து இமேஜ் முழுவதும் தேடுவார்கள். டாக்எக்ஸ் எழுத்து சுருக்கப்பட்டிருப்பதால் அப்படித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. தேட வேண்டியது, சுருக்கப்படாமல் இருக்கும் டாக்குமென்டின் பெயரை. அதைத் தேடியதில் தொகுப்பின் பழைய பதிப்பு ஒன்றும், முன்னுரையின் பதிப்பு ஒன்றும் சேதமில்லாமல் வந்தன. எது எப்போது சேமித்தது என்று பார்க்க ஜிப்பின் தேதியை நம்ப முடியாது. வேர்ட் எல்லா உட்கோப்புக்கும் 1980 ஜனவரி 1 என்றே எழுதி வைக்கும். உண்மையான தேதி ‘டாக்பிராப்ஸ்’ கோப்புறையில் உள்ள ‘கோர்’ கோப்பில், எத்தனையாவது திருத்தம் என்ற எண்ணோடு இருக்கிறது.

பழைய பதிப்பிலிருந்து ஓட்டைக்குரிய பகுதியை மட்டும் எடுத்து ஒட்டினேன். அடிக்கோடு விழுந்த சொற்களையும் அதோடு ஒப்பிட்டு நிரப்பினேன். ஒட்டிய இடம் ஒவ்வொன்றும் சதுர அடைப்புக்குள். அவர் அதன்பின் அங்கே எதையாவது மாற்றியிருந்தால் அது எனக்குத் தெரியாதே.

பழைய டாக் கோப்புகள்

இவை 208, 207, 17, 224 என்று தொடங்கும் வேறு ஜாதி. உள்ளே 512 பைட் துண்டுகள், எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற அட்டவணை ஒன்று. முதல் கோப்பில் அந்த அட்டவணை சிதைந்திருந்தது. நல்ல செய்தி, டாக் கோப்பில் எழுத்து சுருக்கப்படுவதில்லை. யூனிகோடு தமிழ் என்றால் ஒரு குறிக்கு இரண்டு பைட், சிறிய பைட் முதலில். அ என்பது 133, 11. க என்பது 149, 11. எந்தத் தமிழ் எழுத்தானாலும் இரண்டாவது பைட் 11-தான். இடைவெளி 32, 0. எனவே ‘இரண்டாவது பைட் 11, முதல் பைட் 128 அல்லது அதற்கு மேல்’ என்ற இணைகள் வரிசையாக வரும் இடங்களைப் பொறுக்கினால், நடுவில் வரும் இடைவெளி, நிறுத்தக்குறி, பத்தி முடிவுக்கான 13 ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், கட்டுரை வந்துவிடும். கோப்பிலிருந்து படிக்கக்கூடிய எழுத்தை மட்டும் பொறுக்கித் தரும் ‘ஸ்ட்ரிங்ஸ்’ என்ற கருவியை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். சாதாரணமாக அது ஆங்கில எழுத்துகளை மட்டுமே பார்க்கும், தமிழ்க் கோப்பில் எழுத்துருப் பெயர்களைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பத்திகளின் வரிசையில் மட்டும் கவனம் வேண்டும். அந்தக் கால வேர்டின் வேகச் சேமிப்பு, திருத்தங்களை அதற்குரிய இடத்தில் செருகாமல் கோப்பின் கடைசியில் கொண்டுபோய் வைக்கும்.

இரண்டாவது கோப்பில் இந்த வலை எதையும் பிடிக்கவில்லை. திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்தில் ஏதோ உளறல். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற வரிசை அடிக்கடி வந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ அது. அங்கே புள்ளிக்கு உரிய சாவி அரைப்புள்ளி. இந்த வகையில் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கருவி அழகாக வேலை செய்யும். எடுத்ததை யூனிகோடாக மாற்றும்போது, பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முதலில் வைத்திருக்கும், யூனிகோடு மெய்க்குப் பின்னால் வைக்கும் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘கொ’ அங்கே கொம்பு, க, கால் என்று மூன்று தட்டல். நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் ஒற்றைகளுக்கு வந்தால் குழப்பம் வராது.

குறிப்புக் கோப்பு

இது உடையவே இல்லை, யாரோ தவறான குறியாக்கத்தில் திறந்து சேமித்திருக்கிறார்கள். தலையில் கோடு போட்ட சிறிய ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று பக்கம் பக்கமாக நிற்கும் அந்தக் காட்சி பலருக்கும் பழக்கம். யூடிஎஃப்-8 தமிழை விண்டோஸ்-1252 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கம்) என்று நினைத்துப் படித்ததன் விளைவு. வந்த வழியே திருப்பி அனுப்பினால், அதாவது 1252 பைட்டாக்கி யூடிஎஃப்-8 என்று படித்தால், தமிழ் வந்துவிடும்.

வந்தது. ஆனால் ‘எழுத்து’ என்ற சொல்லில் ழ, த, த மூன்றுக்கும் பின்னால் கேள்விக்குறி. விண்டோஸ்-1252-இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து எண்களுக்கு எழுத்து ஒதுக்கப்படவில்லை. சில மென்பொருள்கள் அவற்றை அப்படியே கடத்திவிடும், கறாரானவை கேள்விக்குறியாக்கிவிடும். நம் கெட்ட நேரம், ‘ு’ குறியின் கடைசி பைட் 129, புள்ளியின் கடைசி பைட் 141. தமிழில் இந்த இரண்டும் இல்லாமல் ஒரு வரி எழுத முடியுமா? 143 ஏ, 144 ஐ. 157-இல் முடியும் தமிழ் எழுத்து இல்லை.

இதில் ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. கேள்விக்குறிக்கு முன்னால் 175 இருந்தால் போனது ‘ு’ அல்லது புள்ளி, 174 இருந்தால் ஏ அல்லது ஐ. எங்கும் இரண்டே வாய்ப்பு. ‘எழுத்து’வில் மூன்று ஓட்டை என்றால் எட்டுச் சேர்க்கை, அதில் ஒன்றுதான் சொல். ஏற்கெனவே மீட்ட கட்டுரைகளிலிருந்தே சொற்பட்டியல் ஒன்று தயாரித்து, பொருந்தும் சேர்க்கை ஒன்றே ஒன்று என்றால் தானாக நிரப்பச் சொன்னேன். ஒரே ஆசிரியர், ஒரே சொல்வளம் என்பதால் பொதுப் பட்டியலைவிட இது நன்றாக வேலை செய்தது. கண், கணு மாதிரி இரண்டுமே சொல்லாக நிற்கும் இடங்களை மட்டும் கண்ணால் படித்து முடிவுசெய்தேன்.

எல்லாவற்றையும் யூடிஎஃப்-8 டெக்ஸ்ட் கோப்புகளாக ஒரு புதிய டிரைவில் போட்டுக் கொடுத்தேன். முன்னுரை முழுமை, அவர் கடைசியாக உட்கார்ந்து திருத்தியது தவிர. தொகுப்பில் அட்டவணைகள் எல்லாம் வரி வரியாகச் சரிந்து கிடக்கின்றன, அதை அவர் வேர்டில் கட்டிக்கொள்வார். அடிக்குறிப்புகள் தனி உட்கோப்பு, அது அறுந்த வாலோடு போய்விட்டது. பழைய பதிப்பில் இருந்தவற்றை எடுத்தேன். நடுவில் புதிதாக ஒன்று செருகினால் பின்னால் வரும் எண்களெல்லாம் நகர்ந்துவிடும் என்பதால் சுற்றியிருக்கும் வாக்கியத்தை வைத்தே இடம் பொருத்தினேன். அதற்குப் பிறகு அவர் சேர்த்த குறிப்புகளுக்கு எழுத்து எங்கும் இல்லை. அந்த இடங்களில் எண் மட்டும் நிற்கிறது.